நிகழ்ச்சித் தலைவர் போய்விட்டார். அவர் வாயால் சொன்ன இரண்டாம் பருவம் என்ன ஆகும்?

கோலாலம்பூர் செந்தூலில் சிறிய தயாரிப்பு நிறுவனம் நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒரு கட்டண அலைவரிசைக்கு 13 வாரத் தொடர் ஒன்று செய்து கொடுத்தாராம். ஓடி முடிந்தது, பேரும் கிடைத்தது. “அடுத்த பருவமும் செய்யலாம்ப்பா, கதையை ரெடி பண்ணு” என்று அந்த அலைவரிசையின் நிகழ்ச்சித் தலைவர் சொல்லியிருக்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. இப்போது அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். “2023-இல் அமெரிக்காவில் டிசிஎம் அலைவரிசையின் நிகழ்ச்சித் தலைவரை நீக்கியபோது ஸ்பீல்பெர்க்கெல்லாம் பேசித் திரும்பக் கொண்டுவந்தார்களே, நாங்களும் ரசிகர்களைத் திரட்டிக் குரல் கொடுக்கலாமா அண்ணே?” என்பது அவர் கேள்வி.

தம்பி, குரல் கொடுப்பதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் டிசிஎம் விவகாரத்தில் என்ன நடந்தது என்பதை முழுசாகத் தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்யுங்கள். அது ரசிகர்கள் ஜெயித்த கதை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் சரி.

டிசிஎம், அதாவது பழைய படங்களை ஓட்டும் டர்னர் கிளாசிக் மூவீஸ், 1994 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அதற்கு முதல் போட்டவர் அமெரிக்கத் தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர். 1986-இல் அவர் எம்ஜிஎம் ஸ்டூடியோவை வாங்கினார். கடன் கழுத்தை நெரித்ததால் சில மாதங்களிலேயே ஸ்டூடியோவைக் கைமாற்றிவிட்டு, பழைய படங்களின் உரிமையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். அந்தப் படக்கிடங்குதான் பின்னால் டிசிஎம்மின் மூலதனம். படத்துக்கு நடுவில் விளம்பரம் கிடையாது. கேபிள் நிறுவனங்கள் சந்தாதாரர் எண்ணிக்கைப்படி கொடுக்கும் கட்டணத்தில்தான் பிழைப்பு. இப்படிப்பட்ட அலைவரிசையில் நட்சத்திரம் என்று யாரும் இல்லை. எந்தப் படத்துக்குப் பின்னால் எந்தப் படம், எந்த மாதம் எந்த நடிகர், யாருடைய மறந்துபோன படத்தைத் தேடி எடுப்பது என்ற தேர்வுதான் அங்கே சரக்கு. அந்தத் தேர்வை இருபது வருடத்துக்கு மேல் செய்துவந்தவர் சார்லஸ் டபேஷ்.

2022 ஏப்ரலில் வார்னரும் டிஸ்கவரியும் ஒன்றாகின. புது நிறுவனம் பிறக்கும்போதே 5,000 கோடி டாலருக்கு மேல் கடன். கடன் அடைக்க வெட்டு விழ ஆரம்பித்தது. 2023 ஜூன் மூன்றாம் வாரத்தில் டிசிஎம் முறை வந்தது. பொது மேலாளர் போலா சாங்னன், டபேஷ், படவிழாவை நடத்திவந்த ஜெனிவீவ் மெக்கிலிகடி என்று மேல்மட்டத்தையே கழற்றிவிட்டார்கள். மார்ட்டின் ஸ்கோர்செசி, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், பால் தாமஸ் ஆண்டர்சன் மூவரும் தலைமை நிர்வாகி டேவிட் ஸாஸ்லவிடம் நேரடியாகப் பேசினார்கள். சில நாள்களில் டபேஷ் இருக்கிறார் என்று செய்தி வந்தது, மெக்கிலிகடியும் திரும்பினார். சாங்னன் திரும்பவில்லை. அலைவரிசையின் படைப்புப் பொறுப்பு வார்னர் பட நிறுவனத் தலைவர்களான மைக்கேல் டி லூக்காவிடமும் பாம் அப்டியிடமும் போனது.

யார் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். ரசிகர்களும் கத்தினார்கள்தான். ஆனால் ஸாஸ்லவுக்கு உறைத்தது அந்த மூன்று இயக்குநர்களின் குரல். ஒரு பட ஸ்டூடியோவை நடத்துகிறவர் நாளைக்கு அவர்களிடம் படம் கேட்டுப் போய் நிற்க வேண்டும். அவர்கள் முகம் சுளித்தால் அவருக்கு நஷ்டம். உங்கள் அலைவரிசையின் மேலிடத்துக்கு அப்படி யார் முகம் சுளித்தால் நஷ்டம்? விளம்பரம் கொடுக்கும் நகைக்கடைக்காரர், மசாலாத்தூள் கம்பெனி, தீபாவளி நேரத்தில் மொத்தமாக ஸ்லாட் வாங்கும் துணிக்கடை. இவர்களில் ஒருவர் உங்கள் தொடருக்கு ஸ்பான்சராக இருந்து, அடுத்த பருவம் எப்போது என்று கேட்டால் அது ஆயிரம் கையெழுத்துக்குச் சமம்.

பொது மேலாளர் திரும்பவில்லை, நிகழ்ச்சித் தலைவர் மட்டும் தங்கினார், அவர் மேல் உட்காருகிறவர்கள் மாறினார்கள். இதை வைத்துத்தான் உங்கள் இடத்தையும் பார்க்க வேண்டும். போனவர் யார் என்பதைவிட, அந்த நாற்காலி இனி யாருக்குப் பதில் சொல்லப் போகிறது என்பது உங்களுக்கு முக்கியம். இதுவரை நிகழ்ச்சித் தலைவர் நேராக அலைவரிசைத் தலைவரிடம் பேசினாரா, அல்லது இனி விற்பனைப் பிரிவு வழியாகப் போக வேண்டுமா? விற்பனைக்காரர் கையில் நிகழ்ச்சி போனால், ஒவ்வொரு யோசனையும் “இதுக்கு யார் காசு போடுவா?” என்ற கேள்வியோடுதான் ஆரம்பிக்கும். தப்பான கேள்வி இல்லை. ஆனால் முதல் கேள்வியே அதுவாக இருந்தால் புதுசாக எதுவும் பிறக்காது.

இந்த நிகழ்ச்சித் தலைவர் என்ன வேலை செய்கிறார் என்று வெளியே பலருக்குத் தெரியாது. நாள் முழுக்க படம் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் ஒரு கட்டண அலைவரிசையின் நிகழ்ச்சிப் பிரிவில் குப்பை கொட்டியவன். சொல்கிறேன்.

வெளியாரின் படத்தையோ தொடரையோ அலைவரிசை வாங்கும்போது அது சொந்தமாகிவிடுவதில்லை. இத்தனை மாதத்துக்குள், இத்தனை தடவை ஓட்டலாம் என்ற உரிமைதான் வருகிறது. முதல் தடவை ஓட்டும்போதே விலையில் பெரும்பங்கைச் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார்கள். தவணை முடிவதற்குள் மிச்சத் தடவைகளை ஓட்டாவிட்டால் அந்தக் காசு வீண். அதனால்தான் சில படங்களை ஒரே மாதத்தில் நான்கு தடவை போட்டு உங்கள் உயிரை எடுக்கிறார்கள்; அது கிறுக்குத்தனம் இல்லை, கெடு நெருங்குகிறது என்று அர்த்தம். பெரிய படம் மூன்று கேட்டால் விநியோகஸ்தர் சின்னப் படம் ஒரு கூடை சேர்த்துத் தள்ளிவிடுவார். அந்தக் கூடையில் எதை நள்ளிரவில் தள்ளுவது, எதைச் சனிக்கிழமை மதியம் வைத்தால் யாராவது பார்ப்பார்கள் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அனுபவம்.

இதெல்லாம் எஃப்.பி.சி. என்று நாங்கள் சொல்லும் கட்டம் போட்ட அட்டவணையில் இருக்கும். நான் இருந்த அறையில் ஒரு சுவர் நிறைய அந்தத் தாள்தான். பச்சைக் கட்டம் புதுசு, மஞ்சள் மறு ஒளிபரப்பு, சிவப்பு தவணை முடியப்போவது. தலைவர் மாறிய ஒரு சமயம், புதிதாக வந்தவர் அந்தச் சுவர் முன்னால் நின்று, இரவு 8.30-இல் இருந்த ஒரு உள்ளூர்த் தொடரை விரலால் தொட்டு, “இதை எட்டுக்கு மாத்துனா பின்னாடி வர்ற படம் சீக்கிரம் ஆரம்பிக்கலாமே” என்றார். கணக்கு சரிதான். மாற்றினார்கள். அந்த வாரமே கிள்ளானிலிருந்து ஒரு அம்மா வரவேற்பு மேசைக்குப் போன் போட்டு, “சாமிக்கு விளக்கேத்தி, பேரப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு வந்து உக்காந்தா நாடகம் பாதி ஓடிருச்சு, யாரு மாத்துனது?” என்று சண்டை. பழைய தலைவர் அதை 8.30-இல் வைத்ததற்குக் காரணமே அதுதான். கோலாலம்பூர் நெரிசலில் மாட்டி வீடு வந்து, குளித்து, சாப்பாடு முடிந்து ரிமோட்டைக் கையில் எடுக்கும் நேரம். அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை; அவர் மண்டையில் இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வரும் தொடர்களிலும் இதே பிரச்சினை. நமக்கும் சென்னைக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 8 மணிக்கு ஓடுவதை அதே நொடியில் இங்கே விட்டால் மணி 10.30. மறுநாள் விடியற்காலையில் பிள்ளையைப் பள்ளி பஸ்ஸில் ஏற்ற வேண்டியவர்கள் அதற்காக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். மறுநாள் முன்னிரவில் போடலாம் என்றால், அதற்குள் கைப்பேசியில் பார்த்துவிட்டு முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எதை எங்கே வைப்பது என்பது கோலாலம்பூரில் உட்கார்ந்து தமிழ் நிகழ்ச்சிகளை அடுக்குகிறவருக்கு மட்டும் உள்ள தலைவலி. வெளியிலிருந்து எவ்வளவு கெட்டிக்காரரைக் கொண்டுவந்தாலும் இது பிடிபடச் சில மாதம் ஆகும்.

அதனால் போனவர் போன மறுநாள் திரையில் ஒன்றும் தெரியாது. வாங்கிய படம் கிடங்கில் இருக்கிறது, கையெழுத்தான ஒப்பந்தம் ஓடுகிறது, தீபாவளி நிகழ்ச்சிகளுக்குப் பல மாதம் முன்பே காசு ஒதுக்கியாகிவிட்டது. பழையவர் அடுக்கியதைத்தான் புதியவர் கொஞ்ச காலம் ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் முகம் தெரிய ஆரம்பிப்பது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. முதலில் மறு ஒளிபரப்பு கூடும். பிறகு ப்ரோமோவின் தொனி மாறும். பிறகு ஒருநாள் பார்த்தால் பேச்சு நிகழ்ச்சி இருந்த இடத்தில் போட்டி நிகழ்ச்சி இருக்கும்.

நடுவில் அந்தரத்தில் தொங்குவது உங்களைப் போன்றவர்கள்தான். கையெழுத்தானது பிழைக்கும், தொடங்காதது பேச்சோடு போகும். பேசி முடித்து எழுதாமல் விட்டது மாமன் இல்லாத சடங்கு வீடு மாதிரி: பந்தல் இருக்கும், சீர் கொண்டுவந்து நிற்க ஆள் இருக்காது.

புதியவர் வந்ததும் பழையவரின் பிள்ளைகளை ஏன் வெட்டுகிறார் என்றால், பெரும்பாலும் பகையால் இல்லை. பழைய தொடர் நன்றாக ஓடினால் பேர் போனவருக்கு. ஓடாவிட்டால் அடி இருப்பவருக்கு. தான் கொண்டுவந்தது ஜெயித்தால்தான் தன் பேர். இந்தக் கணக்கை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் உள்ளே எல்லாரும் போடுவார்கள். இதற்கு அமெரிக்காவில் ஒரே நிகழ்ச்சி இரண்டு தடவை மாட்டிக்கொண்ட கதை உண்டு. உங்கள் ரசிகர் படை யோசனைக்கும் அதில் பதில் இருக்கிறது.

மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000 என்று ஒரு நிகழ்ச்சி. மட்டமான பழைய படங்களை ஓடவிட்டு, ஒரு மனிதனும் இரண்டு பொம்மை ரோபோக்களும் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கிண்டல் அடிப்பார்கள். 1988-இல் மினியாபொலிஸில் ஒரு உள்ளூர் நிலையத்தில் ஆரம்பித்து, பிறகு கேபிளுக்கு வந்து, காமெடி சென்ட்ரலில் வருடக்கணக்கில் ஓடியது. 1995-இல் எம்டிவியிலிருந்து டக் ஹெர்ஸாக் அந்த அலைவரிசைக்குத் தலைவராக வந்தார். 1996-இல் இந்த நிகழ்ச்சி நின்றது. ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். காமெடி சென்ட்ரல் அசையவில்லை. ஆனால் சைஃபை அலைவரிசை அதை எடுத்துக்கொண்டு 1997 பிப்ரவரியில் ஓட்ட ஆரம்பித்தது.

அங்கே என்ன நடந்தது? சைஃபை, யூஎஸ்ஏ நெட்வொர்க்கின் பிள்ளை. 1998-இல் அந்த நிறுவனம் ஊடக முதலாளி பேரி டில்லர் கைக்கு மாறியது. அதைத் தொடங்கி வளர்த்த கே கோப்லோவிட்ஸ் அதே வருடம் வெளியேறினார். சைஃபையின் பொறுப்பு பானி ஹாமரிடம் வந்தது. 1999 தொடக்கத்தில் நிகழ்ச்சியை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் மறுபடியும் களத்தில் இறங்கி, இந்த முறை டெய்லி வெரைட்டி பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார்கள். பலிக்கவில்லை.

முதல் தடவை ஏன் பலித்தது? கடிதங்கள் நிறுத்தியவர் மனத்தை மாற்றியதால் இல்லை. வெளியே இன்னொரு அலைவரிசைக்குச் சரக்கு தேவைப்பட்டது. அதன் ஆள்களுக்கு அந்தக் கடிதக் குவியல் விளம்பரமாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை வாங்க ஆள் இல்லை. ரசிகர் படை திரட்டுவதானால் இதை மனத்தில் வையுங்கள். விட்டுப்போன இடத்தின் வாசலில் நின்று கத்துவதில் பலன் குறைவு. அடுத்த கடைக்காரருக்குக் கேட்கும்படி கத்தினால் பலன் உண்டு.

இந்தக் கதையில் ஹெர்ஸாக்கையும் ஹாமரையும் வில்லனாக்கிவிடாதீர்கள். ஹெர்ஸாக் காலத்தில்தான் காமெடி சென்ட்ரலில் தி டெய்லி ஷோவும் (1996) சவுத் பார்க்கும் (1997) வந்தன. அந்த இரண்டும்தான் அலைவரிசையை ஊர் அறிய வைத்தன. ஹாமர் கையில் சைஃபையும் வளர்ந்தது. போனவரை நினைத்து அழுகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்தக் கிண்டல் நிகழ்ச்சி பிடிக்கும். ஆனாலும் ஹெர்ஸாக் நாற்காலியில் நான் இருந்திருந்தால் நானும் புதுசு தேடித்தான் போயிருப்பேன்.

அந்த நிகழ்ச்சியின் பின்கதையில்தான் உங்களுக்கு வேண்டிய சங்கதி இருக்கிறது. ஒவ்வொரு அத்தியாயத்துக்குள்ளும் ஒரு முழுப் படம் இருந்ததால், அந்தப் படங்களின் உரிமை தீரத் தீர மறு ஒளிபரப்பும் சுருங்கி, 2004 தொடக்கத்தில் சைஃபையில் அதுவும் நின்றது. பல வருடம் கழித்து 2015-இல் ஒரு நிறுவனம் நிகழ்ச்சியின் உரிமையை வாங்கியது. அதை உருவாக்கிய ஜோயல் ஹாட்ஜ்ஸன் அந்நிறுவனத்தோடு சேர்ந்து பொதுமக்களிடம் நிதி கேட்டார். 57 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2017-இல் நெட்ஃபிளிக்ஸில் திரும்ப வந்தது. ரசிகர் அன்பு நடுவில் எங்கேயும் போய்விடவில்லை, அது அத்தனை வருடமும் இருந்தது. உரிமை ஒரு கைக்கு வந்தபிறகுதான் அந்த அன்பு காசாக மாற முடிந்தது.

இப்போது உங்கள் ஒப்பந்தத்தை எடுங்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 26-ஆம் பிரிவு, ஒருவர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லையென்றால், செய்யச் சொன்னவருக்கே போகிறது என்கிறது. நம் சின்னத் தயாரிப்பாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. “கதை என்னுது, நடிகர் என்னுது, கேமரா என்னுது, அப்புறம் எப்படி அவங்களுது ஆகும்?” என்பார்கள். முழுக் காசும் அலைவரிசை கொடுத்திருந்து, தாளிலும் மாற்றி எழுதவில்லையென்றால், அவர்களுடையதுதான். அப்படியானால் இரண்டாம் பருவத்தை நீங்கள் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. அவர்கள் வேறு தயாரிப்பாளரை வைத்துக்கூடச் செய்யலாம். கதாபாத்திரங்கள், தலைப்பு, அடுத்த பருவத்தை முதலில் யாரிடம் கேட்க வேண்டும் என்ற வரி, இந்த மூன்றும் எங்கே எப்படி இருக்கிறது என்று தேடுங்கள். பாதிச் செலவு நீங்கள் போட்டு, ஒளிபரப்பு உரிமையை மட்டும் கொடுத்திருந்தால் உங்கள் நிலைமை வேறு. கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

வாய்வார்த்தை செல்லுமா என்றால், நம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி வாயால் செய்த ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஆனால் “செய்யலாம்ப்பா, ரெடி பண்ணு” என்பதில் எத்தனை அத்தியாயம், என்ன விலை, எப்போது என்று ஒன்றும் இல்லை. அதை ஒப்பந்தம் என்று வாதாடுவது கஷ்டம். வழக்கறிஞர் கடிதம் அனுப்பும் யோசனை இருந்தால் அதை இப்போதே ஓரம் வையுங்கள். கோலாலம்பூரில் தமிழ் நிகழ்ச்சி வாங்குகிற கதவுகள் விரல் விட்டு எண்ணிவிடலாம். நாட்டில் இந்தியர் மொத்தமே சுமார் 20 லட்சம் பேர். ஒரு கதவில் கல் எறிந்த சத்தம் மற்ற எல்லாக் கதவுக்கும் கேட்கும்.

செய்ய வேண்டியது ஒரு சாதாரண மின்னஞ்சல். போனவருக்குக் கீழே வேலை பார்த்த நிர்வாகத் தயாரிப்பாளர் இன்னும் இருப்பார். அவருக்கு எழுதுங்கள். இந்தத் தேதியில் இன்னார் முன்னிலையில் இரண்டாம் பருவம் பற்றிப் பேசினோம், கேட்டபடி கதைச்சுருக்கம் தயார் செய்தோம், இத்துடன் இணைத்திருக்கிறோம், புதிய பொறுப்பாளர் வந்ததும் அவரைச் சந்திக்க நேரம் வேண்டும். அவ்வளவுதான். புகார் வேண்டாம், “வாக்குக் கொடுத்தார்” என்ற சொல் வேண்டாம். பொறுப்பு ஒப்படைக்கும் கோப்பில் அந்த மின்னஞ்சல் இருந்தால் உங்கள் தொடர் ‘நிலுவையில் உள்ளவை’ பக்கத்தில் ஒரு வரியாகவாவது ஏறும். இல்லாவிட்டால் அப்படி ஒரு பேச்சு நடந்ததே யாருக்கும் தெரியாது.

போனவரிடமும் பேசுங்கள். காபி வாங்கிக் கொடுங்கள், நன்றி சொல்லுங்கள். ஆனால் உள்ளே என்ன நடந்தது என்று துருவாதீர்கள்; கிளம்பும்போது வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்து போட்டுத்தான் கிளம்பியிருப்பார். இந்தத் தொழிலில் போனவர்கள் எங்காவது போய் உட்காருவார்கள். ஹெர்ஸாக்கே காமெடி சென்ட்ரலை விட்டு ஃபாக்ஸுக்குப் போய், அங்கே நிலைக்காமல் வேறு இடம் மாறி, 2004-இல் காமெடி சென்ட்ரலுக்கே திரும்பினார். உங்கள் ஆளும் அடுத்த வருடம் ஒரு கைப்பேசித் தளத்தில் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

புதியவரைப் பார்க்கப் போகும்போது பழையவர் பேரை இழுக்காதீர்கள். “அவர் சொல்லியிருந்தார்” என்று நீங்கள் ஆரம்பித்த நொடியில் அது அவருடைய தொடர் ஆகிவிடும். புதியவருக்குச் சொந்தமாக ஏதாவது வேண்டும். முதல் பருவத்தின் பார்வையாளர் எண்ணிக்கை நன்றாக இருந்தால் அதை முன்னால் வையுங்கள். கூடவே வேறு ஒரு கோணத்தையும் வையுங்கள். பாட்டி கதையாக இருந்ததைப் பேத்தி கதையாகத் திருப்பலாம், 13 வாரத்தைத் தீபாவளிக்கு ஒரு டெலிமூவியாகச் சுருக்கலாம். “இது நான் வந்து மாற்றியது” என்று அவர் மேலே போய்ச் சொல்லிக்கொள்ள ஒரு கைப்பிடி கொடுங்கள். மானம் போகிற காரியமில்லை இது.

எப்போது போகிறீர்கள் என்பதும் முக்கியம். அந்த நிறுவனத்தின் நிதியாண்டு எப்போது முடிகிறது என்று விசாரியுங்கள். எல்லாருக்கும் டிசம்பர் இல்லை. நம் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனமான அஸ்ட்ரோவுக்கு எடுத்துக்கொண்டால் ஜனவரி 31. அடுத்த வருடக் காசைப் பங்குபோடுவதற்குச் சில மாதம் முன்னால் உங்கள் தாள் மேசையில் இருக்க வேண்டும். பங்கு முடிந்தபிறகு போனால் எவ்வளவு நல்ல கதையானாலும் “அடுத்த வருஷம் பார்ப்போம்” என்ற பதில்தான். காத்திருக்கும் காலத்தில் பினாஸ் (மலேசியத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) உரிமத்தைப் புதுப்பித்து வையுங்கள். அங்கே உள்ளடக்க நிதிக்கு விண்ணப்பம் திறக்கும்போது போட்டுப் பாருங்கள். செலவில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்தால், மேலே சொன்ன உரிமைப் பேச்சில் உங்கள் கை ஓங்கும்.

இதெல்லாம் அந்த நாற்காலியில் வேறு ஒருவரை உட்கார வைப்பார்கள் என்ற நம்பிக்கையில் சொல்வது. உட்கார வைக்கவில்லையென்றால்தான் பயப்பட வேண்டும். பொறுப்பைத் தற்காலிகமாக இன்னொரு அலைவரிசையின் தலைவரிடம் சேர்த்துக் கொடுத்து, அந்தத் தற்காலிகம் ஆறு மாதத்தைத் தாண்டினால், அலைவரிசையையே வைத்துக்கொள்வதா என்ற யோசனை மேலே ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது நம் ஊரில் நடக்காத விஷயமில்லை. டிஸ்னியின் மூன்று அலைவரிசைகள் 2020 ஜனவரி 1 அன்று அஸ்ட்ரோவிலிருந்து மறைந்தன. 2021 அக்டோபர் 1 அன்று, டிஸ்னி கைக்கு வந்திருந்த ஃபாக்ஸ் அலைவரிசைகள் தென்கிழக்காசியா முழுக்க ஒரே நாளில் அணைந்தன. நன்றாக ஓடிய நிகழ்ச்சி, ஓடாத நிகழ்ச்சி என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. டிஸ்னி தன் சரக்கைத் தன் செயலியிலேயே விற்க முடிவு செய்தது, அவ்வளவுதான்.

உங்கள் அலைவரிசை அந்த நிலைமையில் இருப்பதாக நீங்கள் சொன்னதிலிருந்து எனக்குத் தெரியவில்லை. தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கு வெளித் தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டிருக்கிறார்களா என்று மட்டும் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். கூப்பிட்டிருந்தால் காசு இருக்கிறது, அந்த மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒப்பந்தத்தின் உரிமைப் பக்கத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். விலை போட்ட வரிகளை மறைத்துவிட்டே அனுப்பலாம்.